தண்ணீருக்கு மேல் ஒரு சாண்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் பையன் கையில் முதலில் கொடுப்பது ஸ்பாஞ்சும் தண்ணீர்க் குழாயும்தான். கண்ணாடி துடைப்பான், ஃபில்டர் பஞ்சை அலசுவான், சரளையில் படிந்த கசடை உறிஞ்சி எடுப்பான். அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்தும் அதே ஸ்பாஞ்சோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் தனியாகத் தொட்டி அமைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த படி ஏற முதலில் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: லைட்டைத் தொட்டியின் விளிம்பிலிருந்து எடுத்து உயரத்தில் தொங்கவிடக் கற்றுக்கொள்ளுங்கள்.

கூரை, இரும்பு, மின்சாரம், செடி நான்கும் இந்த ஒரு வேலையில் வந்து சேர்கின்றன. எலக்ட்ரீஷியனுக்குச் செடி தெரியாது. மீன் கடைக்காரர் கூரையில் துளை போட யோசிப்பார். இருவரையும் கூப்பிட்டு அலுத்துப்போன வாடிக்கையாளருக்கு நீங்கள் ஒருவரே போதும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த தொட்டிக்கும் உங்களைத்தான் அழைப்பார்.

உயர்த்துவதால் என்ன பயன் என்று வாடிக்கையாளர் கண்டிப்பாகக் கேட்பார். கணக்காகவே சொல்லுங்கள். ஒன்றரை அடி ஆழத் தொட்டியில் உயர வளரும் செடியின் நுனி நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருக்கிறது, தரையில் படரும் செடி 40 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைட் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே இருந்தால் நுனிக்கு 10 செ.மீ. தூரம், தரைக்கு 45 செ.மீ.; நாலரை மடங்கு வித்தியாசம். அதே லைட்டை 25 செ.மீ. உயரத்துக்குத் தூக்கினால் 30, 65 என்று ஆகிறது. வித்தியாசம் இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். மேல் இலையில் வெளிச்சம் கொட்டிப் பாசி பிடிப்பதும், கீழ்ச்செடி வெளிச்சத்துக்கு ஏங்கி இளைப்பதும் இதனால் குறையும். மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மங்கலான சின்ன லைட் என்றால் தூக்காமல் இருப்பதே மேல்.

இன்னொரு பயன் உங்களுக்கு. விளிம்பில் உட்கார்ந்த லைட்டை ஒவ்வொரு முறையும் ஈரக்கையோடு தூக்கிக் கீழே வைத்துத்தான் செடி வெட்ட வேண்டும். தொங்கும் லைட்டின் கீழே கை தாராளமாக நுழையும். ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) மூடியில்லாத கண்ணாடித் தொட்டியையும் அதன் மேல் தொங்கும் லைட்டையும் உலகம் முழுக்கப் பரப்பினார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இங்கும் பலர் "அதே மாதிரி வேண்டும்" என்கிறார்கள்.

முதலில் அண்ணாந்து பாருங்கள்

டேப்பை எடுப்பதற்கு முன் கூரை என்ன வகை என்று பாருங்கள். கான்கிரீட் தளம் என்றால் வேலை எளிது. ஹாமர் டிரில்லில் துளை போட்டு, கொக்கி வைத்த இரும்பு ஆங்கர் ஃபாஸ்டனரை இறுக்குங்கள். பாக்கெட்டில் எந்த அளவு பிட் என்று எழுதியிருக்கிறதோ அதே பிட்; ஒரு அளவு பெரிதாக ஓட்டைபோட்டால் பிடிப்பு போயிற்று. சுவரில் படம் மாட்டும் பிளாஸ்டிக் ரால் பிளக்கைக் கூரையில் போடவே கூடாது. சுவரில் பாரம் குறுக்கே விழுகிறது. கூரையில் நேராகக் கீழே இழுக்கிறது, பிளக் மெல்ல மெல்ல நழுவி வரும். ஃபேன் பாயின்டிலிருந்து சுவிட்ச் போர்டு பக்கம் போகும் நேர்கோட்டில் தளத்துக்குள் ஒயர் குழாய் ஓட வாய்ப்பு அதிகம், அந்தக் கோட்டை விட்டு விலகுங்கள். டிரில் பாதியில் முட்டி நின்றால் உள்ளே கம்பி இருக்கிறது. கம்பியை அறுக்காமல் இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் என்றால் ஜிப்சம் போர்டை நம்பாதீர்கள். அது தன் பாரத்தைத் தாங்கவே செய்யப்பட்டது. போர்டில் வழி போட்டு, மேலே உள்ள நிஜத் தளத்தில் கொக்கி அடித்து, ஒயர் ரோப்பை அங்கிருந்து இறக்க வேண்டும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீடுகளில் வேலை வந்தால் கவனம். மெட்ராஸ் டெரஸ் கூரையில் மர உத்தரங்களும், அவற்றின் மேல் சுண்ணாம்புக் காரையில் நிறுத்தி அடுக்கிய சின்னச் செங்கற்களும்தான் இருக்கும். அங்கே ஹாமர் டிரில்லை வெளியே எடுக்காதீர்கள். உத்தரத்தில் மெல்லிய துளை போட்டு மரத்துக்கான திருகுக் கொக்கியைக் கையால் முறுக்கி ஏற்றினால் போதும். மரத்தில் செல் அரித்திருக்கிறதா என்று முதலில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

வாடகை வீட்டுக்கு வளைந்த பைப்

நகரத்தில் பாதி வாடிக்கையாளர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். கூரையில் ஓட்டை என்றாலே வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி, தலைகீழ் 'ட' போல வளைத்த இரண்டு இரும்புக் கான்டுயிட் பைப்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு என் கணக்கு: ஸ்டாண்டின் பின்காலோடு சேர்த்துக் கட்ட 60 செ.மீ., தொட்டி உயரம் 45, அதற்கு மேல் 40, முன்னால் நீளும் கை 30. ஒரு பைப்புக்கு 175 செ.மீ., இரண்டுக்கு மூன்றரை மீட்டர். கடையில் மூன்று மீட்டர் நீளமாகக் கிடைக்கும், ஆகவே இரண்டு வாங்குங்கள். 25 மி.மீ. விட்டம் நல்லது. பைப் பெண்டர் இல்லாதவர்கள் வெல்டிங் பட்டறையில் கொடுத்து வளைக்கலாம். வெறுங்கையால் முழங்காலில் வைத்து வளைத்தால் பைப் நசுங்கி அந்த இடம் பலவீனமாகும்.

பைப்பைக் கட்ட வேண்டிய இடம் ஸ்டாண்டு. தொட்டிக் கண்ணாடியில் எந்தக் கிளாம்பையும் இறுக்காதீர்கள். கண்ணாடி, தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் இன்னொரு நெம்பு விசை தேவையில்லை. வளைக்கும் முன் துரு எடுத்து, வளைத்த பின் இரண்டு கோட் கருப்புப் பெயின்ட். பி.வி.சி. பைப்பிலும் செய்யலாம்தான், ஆனால் பாரமும் வெப்பமும் சேர்ந்தால் நாளாவட்டத்தில் கை தொய்ந்துபோகும். இரண்டடிக்குக் குறைந்த தொட்டிக்கும் அரைக் கிலோவுக்குக் குறைந்த லைட்டுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறும் கரன்ட்டும்

ஆரம்ப காலத்தில் ஒரு கிளினிக்கின் வரவேற்பறையில் லைட்டை நைலான் கயிற்றில் கட்டினேன். பார்க்க அழகாக, கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. தினமும் சூடும் வெளிச்சமும் பட்டு எட்டாவது மாதம் ஒரு பக்கம் அறுந்தது. லைட்டின் ஒரு முனை தண்ணீரில் முங்கியது. கட்டடத்தில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்ததால் உடனே ட்ரிப் ஆனது. அது இல்லாமல் போயிருந்தால் மறுநாள் காலை தொட்டியில் கை வைப்பவர் துப்புரவுப் பெண்மணி. அந்த நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு மூன்று விதிகள். கயிறு என்றால் ஒன்றரை அல்லது இரண்டு மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒயர் ரோப், ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப். தொங்கும் கம்பிகளைத் தவிர, லைட்டிலிருந்து வேறொரு கொக்கிக்குத் தளர்வாக ஒரு காவல் கம்பி. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில், எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் போடும்வரை லைட்டை மாட்டுவதில்லை. இருக்கும் வீட்டிலும் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுவேன். லைட்டின் ஒயரை நேராகப் பிளக்குக்குக் கொண்டுபோகாமல், பிளக்குக்குக் கீழே இறங்கி மறுபடி ஏறும்படி ஒரு வளைவு விடுங்கள். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

உயரத்தை நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாணில் தொடங்குங்கள், தினமும் ஆறு மணி நேர டைமரோடு. ஒரு வாரம் பாருங்கள். முன்கண்ணாடியில் பச்சைப் பொட்டுகள் வேகமாக வந்தால் இரண்டு விரற்கடை தூக்குங்கள். செடி கணுவுக்குக் கணு நீண்டு வெளிறினால் இரண்டு விரற்கடை இறக்குங்கள். ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க மறக்க வேண்டாம். நீர்மட்டம் கீழேயே இருப்பதால் லைட்டின் சிறு சாய்வும் கண்ணில் உறுத்தும். மூடியை எடுத்த தொட்டியில் கப்பியும் சோர்ட்டெய்லும் வெளியே குதிக்கும். நீர்மட்டத்தை இரண்டு அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது மெல்லிய வலை போட்டுக் கொடுங்கள்.

அலுவலகங்களில் வேலை செய்யும்போது நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். துளை போடும் முன் தொட்டியைப் பாலித்தீன் தாளால் முழுக்க மூடுங்கள். சிமென்ட் தூள் காரத்தன்மை உடையது. தண்ணீரின் குணத்தை மாற்றிவிடும். ஒயர் சீவும்போது சிதறும் செம்புத் துணுக்குகளைப் பொறுக்கி எடுங்கள், செம்பு இறால்களுக்கு நஞ்சு. தொட்டி ஸ்டாண்டின் மேல் ஏறி நிற்காதீர்கள், ஏணியில் தனி ஆளாக ஏறாதீர்கள்.

பில்லில் பொருள் விலையைத் தனியாக, கூலியைத் தனியாக எழுதுங்கள். கூலியிலேயே ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து பார்க்கும் செலவையும் சேர்த்துவிடுங்கள். லைட்டின் எடை, தொங்கும் உயரம், கொக்கியின் வகை மூன்றையும் அதே பில்லில் குறியுங்கள். பேரம் பேசுபவருக்கு விலை குறைக்க வேண்டுமானால் பெயின்ட்டைக் குறையுங்கள், காவல் கம்பியைக் குறைக்காதீர்கள்.

லைட்டை மாட்டும் முன், பெட்டி நிறுக்கும் கைத்தராசை ஒவ்வொரு கொக்கியிலும் மாட்டி, லைட்டின் எடையைப் போல ஐந்து மடங்கு காட்டும்வரை கீழே இழுத்துப் பாருங்கள். இந்த வாரமே கடை மூடிய பிறகு முதலாளியிடம் ஒரு காலித் தொட்டியும் பழைய லைட்டும் கேட்டு வாங்கி, முதல் ஜோடி பைப்பை அதில் கட்டிப் பழகுங்கள்.