விற்பவர் குறித்த நாள், விற்பவர் கேட்ட விலை: ஐபிஓ பற்றிய 5 நம்பிக்கைகளும் உண்மைகளும்

2021 நவம்பர் 18 அன்று பேடிஎம்மின் தாய் நிறுவனமான ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் பங்குச் சந்தையில் பட்டியலானது. அதுவரை இந்தியாவில் வந்த பங்கு வெளியீடுகளிலேயே பெரியது அது: ரூ.18,300 கோடி. ஒரு பங்கின் வெளியீட்டு விலை ரூ.2,150. 6 பங்குகள் கொண்ட ஒரு லாட்டுக்கு ரூ.12,900 கட்டியவரின் கையில் அன்று மாலை இருந்த பங்குகளின் மதிப்பு சுமார் ரூ.9,400தான். ஒரே நாளில் 27 சதவீத இறக்கம். அந்த ஒரு நாளில் நிறுவனத்துக்கு என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை. செயலி முந்தைய நாள்போலவே இயங்கியது. கடை வாசல்களில் ஒட்டியிருந்த நீல நிற அட்டைகள் அப்படியே இருந்தன. மாறியது விலை சொல்லும் ஆள் மட்டுமே. முந்தைய நாள் வரை நிறுவனமும் அதன் வெளியீட்டு மேலாளர்களும் விலை சொன்னார்கள். அன்று காலை 10 மணி முதல் சந்தை சொன்னது.

எந்தப் பங்கு வெளியீட்டையும் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும். ஐபிஓ எனப்படும் முதல் பொதுப் பங்கு வெளியீடு ஒரு விற்பனை. பொருளைப் பற்றி விற்பவருக்கு எல்லாம் தெரியும், வாங்குபவருக்குக் கொஞ்சம்தான் தெரியும். எந்த மாதம் விற்பது, என்ன விலை கேட்பது என்பதையும் விற்பவரே முடிவு செய்கிறார். சந்தை சூடாக இருக்கும் காலத்தில்தான் வெளியீடுகள் வரிசை கட்டி வருகின்றன என்பதற்குக் காரணம் இதுவே. 2021இல் சொமேட்டோ, நைகா, பாலிசிபஜார், பேடிஎம் எல்லாம் சில மாத இடைவெளியில் வந்தன. இந்த எளிய உண்மையை மறக்கவைக்கும் 5 நம்பிக்கைகள் நம்மிடையே உறுதியாக வேரூன்றியுள்ளன.

நம்பிக்கை 1: திரட்டும் பணம் முழுவதும் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் போகிறது

பேடிஎம் திரட்டிய ரூ.18,300 கோடியில் நிறுவனத்தின் கணக்குக்குப் போனது ரூ.8,300 கோடி மட்டுமே. மீதி ரூ.10,000 கோடி, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களுக்குப் போனது. சீனாவின் ஆன்ட் குழுமம், ஜப்பானின் சாஃப்ட்பேங்க் போன்ற பழைய முதலீட்டாளர்கள் தங்கள் பங்குகளில் ஒரு பகுதியை இந்த வழியில் விற்றார்கள். இதற்கு ‘ஆஃபர் ஃபார் சேல்’ என்று பெயர். அதே ஆண்டு ஜூலையில் வந்த சொமேட்டோவின் கணக்கு வேறு: மொத்தம் ரூ.9,375 கோடி, அதில் ரூ.9,000 கோடி புதிய பங்குகள் மூலம் நிறுவனத்துக்கு வந்தது. அதன் பழைய முதலீட்டாளரான இன்ஃபோ எட்ஜ் நிறுவனம் ரூ.375 கோடிக்கு மட்டும் விற்றது. செய்தித்தாளின் தலைப்பில் இரண்டும் ‘பிரம்மாண்ட ஐபிஓ’ என்றுதான் வந்தன. ஆனால் ஒன்றில் வாங்குபவரின் பணத்தில் பாதிக்கு மேல் பழைய உரிமையாளர்களின் கைக்குப் போயிற்று; மற்றொன்றில் பெரும்பகுதி நிறுவனத்திலேயே தங்கியது. இதைத் தெரிந்துகொள்ள நிபுணத்துவம் தேவையில்லை. வெளியீட்டு ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே புதிய பங்குகள் எவ்வளவு, பழைய பங்குகள் எவ்வளவு என்று தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள்.

பல ஆண்டுகள் துணிந்து பணம் போட்டவர்கள் ஒரு கட்டத்தில் விற்று வெளியேறுவது தவறா என்று கேட்கலாம். தவறே இல்லை. அப்படி வெளியேற வழி இருப்பதால்தான் புது நிறுவனங்களில் பணம் போட ஆட்கள் முன்வருகிறார்கள். ஆனால் நிறுவனத்தை உள்ளிருந்து பார்த்த ஒருவர் குறிப்பிட்ட விலையில் விற்கச் சம்மதிக்கிறார் என்றால், அந்த விலை அவருக்கு நியாயமானதாகவோ அதிகமாகவோ தெரிகிறது என்று பொருள். எதிர்த்திசையில் நின்று வாங்குபவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நம்பிக்கை 2: செபி அனுமதித்துவிட்டது, ஆகவே விலை சரியாகத்தான் இருக்கும்

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாற்று வேர் இருக்கிறது. 1992 வரை ஒரு நிறுவனம் என்ன விலைக்குப் பங்கு வெளியிடலாம் என்பதை மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் என்ற மத்திய அரசு அலுவலகம் தீர்மானித்தது. அந்தச் சட்டம் நீக்கப்பட்டபின் விலையை நிறுவனமே வைத்துக்கொள்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் வேலை, வாங்குபவர் அறிய வேண்டியதை நிறுவனம் மறைக்காமல் சொல்லியிருக்கிறதா என்று பார்ப்பது. நட்டம் இருந்தால் நட்டம் என்று எழுத வேண்டும், வழக்கு இருந்தால் வழக்கு என்று எழுத வேண்டும். எழுதிவிட்டால், அந்த நட்ட நிறுவனத்துக்கு எவ்வளவு விலை கேட்டாலும் செபி தடுக்காது. வெளியீட்டை செபி பரிந்துரைக்கவில்லை என்ற வாசகமும் ஒவ்வோர் ஆவணத்திலும் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செபியின் விதிகளே வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கையைக் கொடுக்கின்றன. முந்தைய 3 ஆண்டுகளில் சராசரியாக ரூ.15 கோடி செயல்பாட்டு லாபம் காட்டுவது உள்ளிட்ட தகுதிகள் உள்ள நிறுவனம், சில்லறை முதலீட்டாளர்களுக்குக் குறைந்தது 35 சதவீதம் ஒதுக்க வேண்டும். அந்தத் தகுதி இல்லாத நிறுவனம் 75 சதவீதத்தைப் பெரிய நிதி நிறுவனங்களிடம் விற்றாக வேண்டும். சில்லறை முதலீட்டாளர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது. சொமேட்டோவும் பேடிஎம்மும் இந்த இரண்டாவது வழியில் வந்தவை. ஆவணத்தில் நமக்கான பங்கு 35ஆ, 10ஆ என்று பார்த்தாலே, ஒழுங்குமுறை அமைப்பு அந்த வெளியீட்டை எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நம்பிக்கை 3: தினமும் எல்லோரும் பயன்படுத்தும் செயலி, லாபம் தராமல் போகுமா?

தொழில்நுட்ப நிறுவனங்களின் வெளியீட்டில் மிக வலுவான ஈர்ப்பு இதுதான். உரம் தயாரிக்கும் நிறுவனத்தை நாம் நேரில் பார்ப்பதில்லை. செயலி நம் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆனால் பயன்பாடு என்பது வேறு, வருமானம் என்பது வேறு. டீக்கடையில் 10 ரூபாயை யுபிஐ மூலம் செலுத்தினால், அந்த 10 ரூபாயும் கடைக்காரருக்குப் போய்ச் சேருகிறது. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது அரசின் முடிவு. நாட்டையே மாற்றிய நல்ல முடிவு அது. அதனால்தான் யுபிஐ பெட்டிக்கடை வரை பரவியது. ஆனால் பணம் செலுத்த உதவும் நிறுவனத்துக்கு அந்தப் பரிவர்த்தனையிலிருந்து நேரடி வருமானம் கிடைப்பதில்லை. கடன் வாங்கித் தருவது, ஒலிபெருக்கிக் கருவிக்கு மாத வாடகை, விளம்பரம் என வேறு வழிகளில்தான் அது சம்பாதிக்க வேண்டும். பயனர் எண்ணிக்கை கோடிகளில் ஏறும்போது லாபமும் கூடவே ஏறும் என்ற கணக்கு இங்கே எடுபடவில்லை.

பேடிஎம்மின் 2020–21 செயல்பாட்டு வருமானம் சுமார் ரூ.2,800 கோடி, நட்டம் சுமார் ரூ.1,700 கோடி. ரூ.2,150 என்ற விலையில் மொத்த நிறுவனத்துக்கும் கேட்கப்பட்ட மதிப்பு ஏறக்குறைய ரூ.1.39 லட்சம் கோடி. அதாவது லாபத்தைப் போல அல்ல, ஆண்டு வருமானத்தைப் போல சுமார் 50 மடங்கு. செயலி நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லலாம். ஆனால் வாங்குபவர் பதில் தேட வேண்டியது, இந்த 50 மடங்குக்கு என்ன நியாயம் என்ற கேள்விக்கு. ஒரு பங்கு ரூ.76 என்றால் மலிவு, ரூ.2,150 என்றால் விலை அதிகம் என்று நினைப்பதும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம். ரூ.76க்கு விற்ற சொமேட்டோவின் மொத்த மதிப்பு ஏறத்தாழ ரூ.60,000 கோடி, அதுவும் அப்போது நட்டத்தில் இருந்த நிறுவனமே. நிறுவனத்தை எத்தனை பங்குகளாகப் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு பங்கின் விலை மாறும். மொத்த மதிப்பைப் பார்த்தால்தான் மலிவா, விலையுயர்ந்ததா என்பது தெரியும்.

நம்பிக்கை 4: பல மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தால் அது நல்ல பங்கு

1993 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் ஒரு பங்கை ரூ.95க்கு வெளியிட்டபோது போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. மார்கன் ஸ்டான்லி நிறுவனம் 13 சதவீதப் பங்குகளை எடுத்துக்கொண்டு கைகொடுத்தது. அந்தப் பங்கு அதே ஆண்டு ஜூனில் ரூ.145க்குப் பட்டியலானது. மாறாக, 2008இல் ரிலையன்ஸ் பவர் வெளியீட்டுக்கு விண்ணப்பங்கள் பல பத்து மடங்கு குவிந்தன. பட்டியலான நாளிலேயே விலை வெளியீட்டு விலைக்குக் கீழே போயிற்று. விண்ணப்ப எண்ணிக்கை அந்த வாரத்தின் ஆசையை அளக்கிறது. நிறுவனத்தின் தரத்தை அது அளப்பதில்லை. சில்லறை முதலீட்டாளர்களுக்கு 10 சதவீதமே ஒதுக்கப்பட்டால், கொஞ்சம் பேர் விண்ணப்பித்தாலும் ‘இத்தனை மடங்கு’ என்ற எண் பெரிதாகத் தெரியும். பட்டியலாகும் முன்பே அதிகாரபூர்வமற்ற சந்தையில் பேசப்படும் கிரே மார்க்கெட் பிரீமியமோ எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாத, யாரும் பொறுப்பேற்காத பேச்சு விலை.

விண்ணப்பக் குவியலில் சிறு முதலீட்டாளருக்குப் பாதகமான ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பொருளியலாளர் கெவின் ராக் 1986இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அதை விளக்கினார். விஷயம் தெரிந்த பெரிய முதலீட்டாளர்கள் நல்ல வெளியீடுகளில் மட்டும் போட்டியிடுகிறார்கள், மோசமானவற்றிலிருந்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே எல்லா வெளியீட்டுக்கும் விண்ணப்பிக்கும் சாதாரண ஆளுக்கு நல்லதில் கொஞ்சமும் மோசமானதில் நிறையவும் கிடைக்கும். 2021இல் இது கண்ணெதிரே நடந்தது. சொமேட்டோவின் சில்லறைப் பிரிவில் 7 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள். குலுக்கலில் பெரும்பாலானோருக்கு ஒரு லாட்கூட விழவில்லை. முதல் நாள் ரூ.76, ரூ.126 ஆயிற்று. பேடிஎம்மின் சில்லறைப் பிரிவில் 1.66 மடங்கு மட்டுமே. கேட்டவர்களுக்கு எளிதாகக் கிடைத்தது. கிடைத்தவர்கள் முதல் நாளே நட்டமடைந்தார்கள். ஐபிஓக்கள் சராசரியாக முதல் நாள் லாபம் தருகின்றன என்ற புள்ளிவிவரத்தை நம்பி இறங்குபவரின் கையில் அந்தச் சராசரி வந்து சேர்வதில்லை.

நம்பிக்கை 5: முதல் நாளில் வாங்காவிட்டால் வாய்ப்பு போய்விடும்

2021 செப்டம்பர் 22 அன்று, சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. வெளியீட்டு விலை 36 டாலர். அன்றைய முடிவில் 47 டாலரைத் தாண்டியது. ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்களானார்கள் என்று நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னபோது தமிழ்நாடே பெருமைப்பட்டது. பெருமைப்பட வேண்டிய நிகழ்வுதான். ஆனால் அந்த ஊழியர்கள் வளமானது, நிறுவனம் சிறியதாக இருந்தபோதே பங்கு பெற்றுப் பல ஆண்டுகள் உழைத்ததால். முதல் நாள் 47 டாலருக்கு வாங்கியவர் அந்தப் பயணத்தில் இல்லை. 2022 முடிவில் அதே பங்கு ஏறத்தாழ 15 டாலர். ஊழியரின் கதையைக் கேட்டு வாங்குபவர், ஊழியரின் விலையில் வாங்க முடியாது.

சொமேட்டோ விழுந்தபின் எழுந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்வி. 2022 ஜூலையில் ரூ.40 அளவுக்கு இறங்கிய பங்கு 2024 டிசம்பரில் ரூ.300ஐத் தொட்டது. ஃபேஸ்புக்கும் அப்படித்தான்: 2012 மே மாதம் 38 டாலருக்கு வந்து, செப்டம்பரில் 18 டாலருக்குக் கீழே போய், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 38ஐத் தாண்டியது. நல்ல நிறுவனம் மீண்டெழும் என்பதற்கு இவை சான்று. அதே அளவுக்கு, முதல் நாளில் முந்தியடிக்கத் தேவையில்லை என்பதற்கும் இவையே சான்று. சொமேட்டோவில் காத்திருந்தவர்கள் 4 காலாண்டு முடிவுகளைப் படித்துவிட்டு, பழைய முதலீட்டாளர்களின் விற்பனைத் தடைக்காலம் முடிவதையும் பார்த்துவிட்டு, பாதி விலையில் வாங்கியிருக்கலாம். காத்திருந்தால் விலை ஏறிவிடும் வெளியீடுகளும் உண்டு; இன்ஃபோசிஸ் அப்படிப்பட்டது. ஆனால் ரூ.95ஐத் தவறவிட்டு ரூ.145க்கு வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருந்தவருக்கும் அது பெருஞ்செல்வம் தந்தது. உண்மையிலேயே பெரிதாக வளரும் நிறுவனத்தில் முதல் நாள் விலை வேறுபாடு கடைசிக் கணக்கில் கரைந்துவிடுகிறது.

நடைமுறையில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை வந்த 144 ஐபிஓக்களை ஆராய்ந்து செபி 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தனிநபர்கள் தமக்குக் கிடைத்த பங்குகளில், மதிப்பின்படி சுமார் பாதியை ஒரே வாரத்தில் விற்றுவிடுகிறார்கள். 20 சதவீதத்துக்கு மேல் லாபம் வந்தால் விற்பது 67 சதவீதத்துக்கு மேல்; நட்டம் என்றால் 23 சதவீதம் மட்டுமே. ஏறியதை விற்றுவிட்டு, இறங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு ‘விலை திரும்பி வரும்’ என்று காத்திருக்கிறோம். பேடிஎம் பங்கு அடுத்த 3 ஆண்டுகளில் ஒருமுறைகூட ரூ.2,150ஐ எட்டவில்லை.

தொழில்நுட்ப நிறுவனங்களில் பணம் போடக் கூடாது என்று சொல்ல இங்கே எந்த ஆதாரமும் இல்லை. சாதாரண மக்கள் நாட்டின் வளர்ச்சியில் உரிமையாளர்களாகப் பங்கேற்பது நல்லது. அதற்கான கதவு பங்குச் சந்தைதான். ஆனால் அந்தக் கதவு பட்டியலிடும் நாளுக்குப் பிறகும் ஒவ்வொரு வேலை நாளும் திறந்தே இருக்கிறது. பணம் யாருக்குப் போகிறது, நமக்கான ஒதுக்கீடு எத்தனை சதவீதம், மொத்த நிறுவனத்துக்குக் கேட்கும் மதிப்பு அதன் வருமானத்தைப் போல எத்தனை மடங்கு: இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் சேமிப்பிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கத் தேவையில்லை. விற்கும் நாளைக் குறிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருப்பதுபோல, வாங்கும் நாளைக் குறிக்கும் உரிமை நமக்கும் இருக்கிறது. சிறு முதலீட்டாளரிடம் உள்ள வலிமையான பிடி அது ஒன்றே. ஒரு வார ஆரவாரத்துக்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.