வாய்ப் புற்றும் இரத்தப் பரிசோதனையும்

தறிக்குழியில் இறங்கிய நெசவாளிக்குக் கைக்கும் காலுக்கும் ஓயாத வேலை. வாய் ஒன்றே சும்மாயிருக்கிறது. அதற்கும் ஒரு வேலை கொடுப்பதற்காகவே போலும், வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பலர் பொழுது சாயும்வரை நெய்கின்றனர். அக்கன்னத்தினுள் நிகழ்வது யாது, அதனை இரத்தத்தைக்கொண்டு அறிய இயலுமா என்பதை ஆராய்வோம்.

சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் பிராணவாயுவுடன் கூடி, சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலியவற்றைத் தோற்றுவிக்கின்றன. இவை உயிரணுக்களின் கொழுப்பையும் மரபுப் பொருளையும் சிதைப்பவை. உடலில் இவற்றுக்குக் காவலும் உண்டு. சூப்பராக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுவது சூப்பராக்ஸைடு டிஸ்ம்யூடேஸ் என்னும் நொதி. அதனை நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிப்பது காட்டலேஸ். குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் மூன்றாவது காவலர். முதல் நொதியின் வரலாறு சுவையானது. 1938-ஆம் ஆண்டிலேயே மாட்டிரத்தத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். செம்பு கொண்ட புரதம் என்று கண்டனரேயன்றி, அதன் தொழிலை அறிந்தாரில்லை. 1969-இல் மக்கார்ட், பிரிடோவிச் என்னும் அமெரிக்க அறிஞர்கள் அதனை வெளிப்படுத்தினர்.

வாய்ப் புற்று நோயாளரின் இரத்தத்தில் இந்நொதிகள் குறைந்தும், கொழுப்புச் சிதைவின் அடையாளங்கள் மிகுந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் இத்துறையில் உழைத்துள்ளனர். ஆயினும் எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை.

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்வோர் ஒன்று அறிவர்: ரொக்க இருப்புக் குறைந்திருக்கிறது என்பது வேறு, எங்கே, எவரால் குறைந்தது என்பது வேறு. நீரிழிவிலும் இந்நொதிகள் குறையக்கூடும், புகைப்பழக்கத்திலும் குறையக்கூடும். அளக்கும் முறையும் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் மாறுகிறது. ஆகவே, இவ்வளவுகளை மட்டும் கொண்டு இன்னாருக்கு வாய்ப் புற்று என்று தீர்மானிக்க இன்று வழியில்லை. ஐயமுள்ள இடத்திலிருந்து சிறு சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே முடிவான பரிசோதனை. இரத்த அறிக்கை நன்றாயிருக்கிறதென்று கன்னத்துப் புண்ணை மறந்திருப்பவரே பெரிதும் ஏமாறுவர்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், வைத்தியரல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சியளித்து, வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணால் பார்க்கச் செய்தனர். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005-இல் முடிவு வெளியாயிற்று.

புகையிலையை நீக்கிப் பாக்கை மட்டும் மெல்வோரும் தப்பியவரல்லர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்று நோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலில் பாக்கையே புற்றுண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. கொடிக்கால் அங்கத்தினர் சினம் கொள்ள வேண்டா. பழி பாக்கின் மீதும் புகையிலையின் மீதுமேயன்றி இலையின் மீதன்று.

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் அடிப்புறத்தையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாதபடி வாய் குறுகுதல் ஆகியவற்றில் ஒன்று காணினும், பாவு பாதியில் நின்றாலும் நிற்கட்டும், அவ்வாரமே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.