புயல் வருது, டிவியைப் போடு... பார்த்ததில் எவ்வளவு நம்பலாம்?

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று ஓர் அறிவிப்பு வந்தால் போதும், நம் வீட்டு டிவியின் நிறமே மாறிவிடும். திரை முழுக்கச் சிவப்பு, பின்னணியில் திகில் பட இசை. மழைக்கோட்டு போட்ட செய்தியாளர் கடற்கரையில் நின்று, "நிற்கவே முடியாத அளவுக்குக் காற்று" என்பார். அவருக்குப் பின்னால் ஒருவர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருப்பார். நமக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். கடைசியில் வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்: "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க. ஒன்னும் வரலையே!"

புயலைவிட ஆபத்தானது அந்த ஒரு வாக்கியம். அடுத்த முறை நிஜமாகவே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தில் நம்மை உட்கார வைப்பது அதுதான். அதனால் டிவி மிகைப்படுத்துகிறதா, எதை மிகைப்படுத்துகிறது, எதை விட்டுவிடுகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மிகைப்படுத்துவது உண்மைதானா?

பல நேரங்களில் உண்மைதான். 2023 ஜூன் மாதம் குஜராத்தை நோக்கி பிபர்ஜாய் புயல் வந்தபோது, ஓர் இந்தி செய்திச் சேனலின் தொகுப்பாளர் ஸ்டுடியோவுக்குள்ளேயே குடை பிடித்து, காற்றில் தள்ளாடுவதுபோல் நின்று செய்தி சொன்னார். நாடே பார்த்துச் சிரித்தது.

இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. புயல் நேரத்தில் இந்திய வானிலை ஆய்வு மையம் பொதுவாக 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது. சேனலோ 24 மணி நேரமும் ஓட வேண்டும். இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே புதிதாகச் சொல்ல எதுவும் இருக்காது. அந்த இடைவெளியைத்தான் இசையும், சிவப்பு எழுத்தும், அலை அடிக்கும் காட்சியும் நிரப்புகின்றன.

இன்னொன்று, கேமராவுக்குக் காற்று பிடிக்கும். ஆடும் தென்னை, பறக்கும் பேனர், சுவரில் மோதும் அலை எல்லாம் நல்ல காட்சி. ஏரியில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறுவது நல்ல காட்சி இல்லை. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிவி குறைத்துக் காட்டுவது எதை?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90. புயல் வகைகளில் இது முதல் படிதான். "கரையைக் கடந்தாச்சு, அப்பாடா" என்று படுக்கப் போனவர்கள் பலர்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. கரையைக் கடந்த புயல் நகராமல் அங்கேயே நின்றது. டிசம்பர் 1-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அன்று மாலை திருவண்ணாமலையில் மண்சரிவு ஏற்பட்டு 7 பேர் உயிரிழந்தனர். மறுநாள் காலைக்குள், கடற்கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஊத்தங்கரையில் கடல் இல்லை, அலை இல்லை. புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் கவலை என்றுதான் அங்கே நினைத்திருப்பார்கள்.

அதற்கு ஓராண்டுக்கு முன்னால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழைக்குப் பெயரே கிடையாது. அது புயலே இல்லை, வளிமண்டலச் சுழற்சிதான். ஆனால் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி பெருக்கெடுத்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டார்கள்.

ஆக, டிவி ஆபத்தைப் பெரிதாக்குகிறது என்று மட்டும் சொன்னால் பாதிதான் சரி. காற்றையும் கடற்கரையையும் பெரிதாக்கும் அதே டிவி, மழையையும் உள்மாவட்டங்களையும் கரை கடந்த பிறகு வரும் இரண்டு நாட்களையும் சிறிதாக்கிவிடுகிறது.

"ஒன்னும் நடக்கலையே!"

2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். 15-ம் தேதி நல்ல மழை பெய்தது. அதி கனமழை எதிர்பார்த்த 16-ம் தேதி பெரிதாகப் பெய்யவில்லை. உடனே மீம்ஸ் பறந்தன.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 2015-லும் 2023-லும் காரைத் தண்ணீரில் விட்ட ஒருவர், ஒரு ராத்திரி அதை மேட்டில் நிறுத்தியதில் அவருக்கு என்ன நஷ்டம்? கடலில் இருக்கும் ஒரு மழைமேகக் கூட்டம் சில பத்து கிலோமீட்டர் விலகினாலே ஒரு நகரம் தப்பிவிடும். முன்னறிவிப்பு அந்தச் சாத்தியத்தையும் சேர்த்தே சொல்கிறது. டிவியில் அது "நாளை மிதக்கப்போகும் சென்னை" என்று மாறும்போதுதான் ஏமாந்த உணர்வு வருகிறது.

பிபர்ஜாயையும் திரும்பப் பார்ப்போம். ஸ்டுடியோ குடை கேலிக்கூத்து. ஆனால் வந்தது மணிக்கு 115 முதல் 125 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் நிஜமான புயல். சுமார் 1 லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றியதால்தான் உயிரிழப்பு மிகவும் குறைந்தது. சில சமயம் "ஒன்னும் நடக்கல" என்பதற்கு, எச்சரிக்கை வேலை செய்தது என்றுதான் அர்த்தம்.

அறிக்கையை நாமே படிக்கலாம்

டிவி சொல்வதை நான்கு இடங்களில் சரிபார்த்தாலே போதும்.

1. "ஓரிரு இடங்களில்": வானிலை அறிக்கையில் இது அளந்து போடும் சொல். ஒரு பகுதியில் உள்ள மழை அளவீட்டு நிலையங்களில் 25 சதவீதம் வரை என்று பொருள். "மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதி கனமழை பெய்யலாம்" என்பது, திரைக்கு வரும்போது "மாவட்டத்தில் அதி கனமழை" என்று சுருங்கிவிடும். உங்கள் தெருவில் பெய்யாமலும் போகலாம், பக்கத்து ஊரில் கொட்டித் தீர்க்கவும் செய்யலாம்.

2. மழை அளவு: 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 செ.மீ. மிக கனமழை, 20 செ.மீ.க்கு மேல் அதி கனமழை. "பேய் மழை", "வரலாறு காணாத மழை" என்று கேட்டால், எத்தனை சென்டிமீட்டர் என்று தேடுங்கள்.

3. நிறம்: மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். பேரழிவு உறுதி என்று சிவப்புக்கு அர்த்தம் கிடையாது. நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நிறம் சொல்கிறது.

4. துறைமுகக் கூண்டு: "2-ம் எண் கூண்டு ஏற்றம்" என்று டிவி பதறும். 1, 2 எண்கள் தொலைவில் கடலில் இருக்கும் புயல் சின்னம் பற்றிக் கப்பல்களுக்குச் சொல்லும் தகவல். 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதுதான் இவற்றுக்குள் வித்தியாசம், 10 என்றால் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும்.

காற்றின் வேகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. "70 முதல் 80, இடையிடையே 90" என்று அறிக்கை சொன்னால் செய்தியில் 90 மட்டும் மிஞ்சும். தொடர்ந்து வீசும் வேகம் எது, இடையிடையே வந்துபோகும் வேகம் எது என்று பிரித்துப் பாருங்கள்.

நம் பங்குக்கு

• மாவட்டவாரியான எச்சரிக்கைக்கு மாநில அரசின் டிஎன்-அலர்ட் செயலி அல்லது வானிலை மையத்தின் இணையதளம் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாமல் அனுப்பாதீர்கள்.
• நம் ஊருக்கு மேலே எந்த அணை, எந்த ஏரி இருக்கிறது என்று முன்பே தெரிந்து வையுங்கள். அங்கே பெய்யும் மழையும் நம் மழைதான்.
• புயல் கரையைக் கடந்த பிறகும் 48 மணி நேரம் எச்சரிக்கைகளைக் கவனியுங்கள்.
• வெளியேறச் சொன்னால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.
• உதவிக்கு: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

அடுத்த முறை டிவியில் திகில் இசை கேட்டால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரையில் இருக்கும் எண்களை மட்டும் படித்துப் பாருங்கள். "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க" என்று யாராவது சொன்னால், ஊத்தங்கரையில் எவ்வளவு பெய்தது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.