சர் சி. வி. இராமன் சென்ற குளிர் நகரம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

1930-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள். சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில், தலைப்பாகை அணிந்த தமிழர் ஒருவர் அந்நாட்டு மன்னரின் கையால் நோபல் பரிசைப் பெற்றார். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமனே அவர். அறிவியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பின்னர் 1983-இல் அவருடைய தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரும், 2009-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் அதே நகரில், அதே டிசம்பர் 10-ஆம் நாளில் பரிசு பெற்றனர். ஆல்பிரட் நோபல் 1896-இல் மறைந்த நாள் அது. ஆகவேதான் கடுங்குளிர் காலத்தில் இவ்விழா நடைபெறுகிறது.

இச்செய்தியை ஒரு நாள் இரவு வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும் என்று படித்ததும், திண்ணையில் இருந்த அப்பாரு கேட்டார்:

"மூணு மணிக்கே பொழுது எறங்கிருமா? அது ஏங் கண்ணு அப்படி?"

"பூமியோட அச்சு 23½ பாகை சாஞ்சிருக்குதுங்க அப்பாரு" என்றேன். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் விடைதான். அப்பாரு தலையை ஆட்டினார். ஆனால் அவருக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் விளங்கியிருக்கவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன், அவ்வளவே. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நகரின் அமைப்பு

ஸ்டாக்ஹோம் மேலாரென் என்னும் பெரிய ஏரி பால்டிக் கடலைச் சந்திக்கும் இடத்தில், பதினான்கு தீவுகளின் மேல் அமைந்துள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வரலாற்றில் இடம்பெற்ற நகரம். கல் பாவிய குறுகிய தெருக்களும் பழைய மாளிகைகளும் நிறைந்த பழம்பகுதியைக் 'கம்லா ஸ்தான்' என்பர். அதற்குப் 'பழைய நகரம்' என்றே பொருள். கடுங்குளிரில் ஏரியின் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறையும். ஆயினும் அடியில் நீர் உறையாது. 4 பாகை செல்சியசில் நீரின் அடர்த்தி மிகுதி. அந்நீர் அடியில் தங்க, லேசான பனிக்கட்டி மேலே மிதக்கிறது. மீன்கள் உயிர் பிழைப்பது இவ்வாறே.

நம் கோயமுத்தூர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஸ்டாக்ஹோம் 59 பாகையில் உள்ளது. இந்த 48 பாகை வேறுபாடு என்ன செய்யும் என்பதை அறிய ஒரு சிறு சோதனை செய்தேன்.

களத்தில் ஒரு குச்சி

டிசம்பர் 10-ஆம் நாள் எங்கள் களத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியை நேராக நட்டேன். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கோடு கிழித்தேன். பன்னிரண்டேகால் மணி வாக்கில் நிழல் மிகவும் குறுகியது. அளந்தேன்: 67 சென்டிமீட்டர். அட்டவணையைப் பார்த்தால், சூரியன் தலையுச்சியிலிருந்து ஏறத்தாழ 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கிறது. அன்று சூரியன் நேர் உச்சியில் நிற்கும் இடம் 23 பாகை தென் அட்சரேகை. 34-இல் 23 போக 11. எங்கள் ஊரின் அட்சரேகை! வரைபடம் பாராமல், ஒரு குச்சியைக் கொண்டே அது கிடைத்துவிட்டது.

அடுத்து ஸ்டாக்ஹோம். 59-உடன் 23-ஐக் கூட்டினால் 82. அங்கே நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 8 பாகைதான் எழும்பும். அதே குச்சியின் நிழல் ஏழு மீட்டருக்கும் மேல் நீளும். அந்தத் தொலைவைக் களத்தில் அளந்து ஒரு முளை அடித்தேன். அது மாட்டுக்கொட்டகை வரை போயிற்று.

அப்பாரு குச்சியையும் முளையையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் குச்சிக்கு இத்தாந் தண்டி நெழலா? அப்ப அந்த ஊருல உச்சி வெயிலே நம்மூரு காலங்காத்தால வெயிலுதான். அது எங்க சுடப் போவுது?" என்றார்.

நூற்றுக்கு நூறு சரியான விடை! டிசம்பரில் நம் ஊரில் காலை ஏழேகால் மணிக்குச் சூரியன் எந்த உயரத்தில் இருக்குமோ, அதுதான் ஸ்டாக்ஹோமின் நண்பகல். சாய்ந்து விழும் ஒளி அதிகப் பரப்பில் பரவுகிறது. கணக்கிட்டால், அங்கே நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரைக்குக் கிடைக்கும் வெயில் நமக்குக் கிடைப்பதில் ஆறில் ஒரு பங்கே. பகல் பொழுதோ ஆறேகால் மணி நேரம்தான். குளிருக்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

இருள் மிகுந்த அந்நாட்களில் சுவீடன் மக்கள் டிசம்பர் 13-ஆம் நாள் லூசியா விழாவைக் கொண்டாடுகின்றனர். வெள்ளை உடை அணிந்த பெண் தலையில் விளக்கு முடி சூடி முன்னே வர, மற்றவர் பாடிக்கொண்டே பின்வருவர். நாம் கார்த்திகைத் தீபம் ஏற்றுவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் என்பது நினைக்க இனிக்கிறது.

ஒளியைத் தந்தவர்

கல்கத்தாவில் எளிய கருவிகளைக் கொண்டு, தொடக்கத்தில் சூரிய ஒளியையே பயன்படுத்தி ஆராய்ந்து, 1928 பிப்ரவரி 28-இல் இராமன் தம் விளைவைக் கண்டறிந்தார். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் வெயிலை ஆராய்ந்தவர், வெயில் அரிதான நகருக்குச் சென்று சிறப்புப் பெற்றார். பரிசு பெற்ற வேளையில் தமக்கு மேலே பிரிட்டிஷ் கொடி இருந்ததையும், தம் நாட்டுக்கெனத் தனிக் கொடி இல்லாததையும் எண்ணிக் கலங்கியதாக அவர் பின்னர்க் கூறியுள்ளார். இன்று நமக்குக் கொடி உண்டு, கல்லூரி உண்டு, என் போன்றோருக்கும் அதில் ஓர் இருக்கை உண்டு. அதில் அமர்ந்து வெறுமனே ஒப்பிப்பது தகுமா?

தோழர்களே, ஸ்டாக்ஹோமுக்கு நாம் போவோமா என்பது தெரியாது. ஆனால் வரும் டிசம்பரில் உங்கள் வீட்டு வாசலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழையுங்கள். நாம் படித்ததை அவர்களுக்கு விளங்கச் சொல்ல முடிந்தால்தான் நமக்கும் அது விளங்கியது என்று பொருள். எங்கள் களத்தில் அந்த முளை இன்னும் இருக்கிறது. அப்பாரு அதைப் பிடுங்க விடவில்லை.