இதய அறுவைக்குப்பின் மார்புத் தொற்று: தடுப்பும் கண்காணிப்பும்

நம் நாட்டில் திறந்த இதய அறுவைச் சிகிச்சை 1960-களின் தொடக்கத்தில் வேரூன்றியது. 1961-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் இத்துறையில் முன்னோடியாக விளங்கினார். 2018-இல் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் காப்புறுதித் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கும் இச்சிகிச்சையை எட்டச் செய்தது. ஆயினும், அறுவை நன்கு முடிந்த பின்னரும் நோயாளியின் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியது மார்பெலும்புக்கு அடியில் ஏற்படும் ஆழ்ந்த தொற்றாகும்.

நோயின் தன்மை

இதயத்தை அடைவதற்காக மார்பெலும்பு நெடுக்குவாட்டில் அறுக்கப்பட்டு, சிகிச்சை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் பிணைக்கப்படுகிறது. அவ்வழியே கிருமிகள் உட்புகுந்தால் எலும்பும் அதன் பின்னுள்ள இடைவெளியும் சீழ்ப்பிடிக்கும். நோயாளியின் மூக்கிலும் தோலிலும் வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் வகைக் கிருமிகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். நூற்றுக்கு ஓரிருவருக்கே இது நேர்கிறது எனினும், அவர்களிடையே இறப்பு 10 விழுக்காட்டுக்கு மேல் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நீரிழிவு, உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவை அபாயத்தை மிகுவிக்கும். தொற்று ஏற்பட்டபின் மீண்டும் மார்பைத் திறந்து, அழுகிய திசுக்களை அகற்றி, வாரக்கணக்கில் மருந்து செலுத்த நேரிடும். சிலருக்குத் தசையை நகர்த்திப் புண்ணை மூடவும் வேண்டியிருக்கும்.

தடுக்கும் முறை

தடுப்பு முறைகளோ எளியவை; செலவும் குறைவே. மூக்கில் கிருமி உள்ளதா எனச் சோதித்து, இருந்தால் முப்பிரோசின் களிம்பு தடவுதல். மயிரைச் சவரக் கத்தியால் மழிக்காது கத்தரிக்கும் கருவியால் நீக்குதல். தோலைக் கீறுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திற்குள் செஃபசோலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்துதல். இரத்தச் சர்க்கரையை 180 மில்லிகிராமுக்கு மிகாமல் காத்தல். கைகளைத் தூய்மை செய்தல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் ஒன்று தவறினாலும் ஏனையவற்றின் பயன் குறையும்.

வீடு திரும்பிய பின்

இத்தொற்று பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள், அதாவது பலர் வீடு திரும்பிய பின்னரே தலைகாட்டுகிறது. காய்ச்சல், புண்ணில் நீர்க்கசிவு, இருமும்போது எலும்பு அசைதல் அல்லது ‘கிளிக்’ என ஒலித்தல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். காப்புறுதித் திட்டத்தில் வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான செலவும் அடங்கும். அக்காலத்திற்குள் மறுபரிசோதனையைத் தவறாது நடத்துதல் வேண்டும். இதய அறுவைக்குப்பின் வரும் ஆழ்ந்த தொற்றுகளை 90 நாள் வரை கணக்கிடுவது உலகில் ஏற்கப்பட்ட வழக்கம். எனவே மாவட்ட மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இக்குறிகளைக் கண்டவுடன் நோயாளியை அறுவை செய்த மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு இன்றியமையாதது.

மருத்துவமனை தன் தொற்று விகிதத்தை முறையாகப் பதிவு செய்தாலன்றிக் குறை எங்கே என்பது புலப்படாது. செய்யப்பட்ட அறுவைகளின் எண்ணிக்கை மட்டுமே சாதனையின் அளவுகோல் ஆகாது. மூன்று திங்கள் கழிந்தபின் நலமுடன் இருப்போரின் எண்ணிக்கையே அதன் உண்மையான அளவாகும்.