திரைக்காட்சியும் உடன்பாடும்



சென்ற கோடை விடுமுறையில் பெயரக் குழந்தைகளுடன் அமர்ந்து ஒரு திரைப்படம் பார்த்தோம். தீயவன் வெட்டுண்டு வீழ்ந்தான். ஏழு வயதுப் பெயரன் கை தட்டினான். “உயிர் போகும்போது கை தட்டலாமா?” என்று கேட்டோம். “அது ரத்தம் இல்லை பாட்டி, வெறும் சாயம்” என்றான். நாம் மறுமொழி கூறவில்லை. ‘இவனுக்கு இது வேண்டும்’ என்று நம் மனமும் அந்நொடியில் மகிழ்ந்திருந்தது.

யசோதர காவியத்தை நாம் அறிவோம். அன்னை சந்திரமதியின் வற்புறுத்தலால் மன்னன் யசோதரன் மாவினால் செய்த கோழியைச் சண்டமாரிக்குப் பலியிட்டான். வெறும் மாவுதான், ஆயினும் கொல்லும் எண்ணம் மெய்யானது. அவ்வினையால் தாயும் மகனும் பல விலங்குப் பிறவிகள் எடுத்துத் துன்புற்றனர். மாவுக்கோழிக்கும் சாயக்குருதிக்கும் தொலைவு மிகுதியன்று.

மனம், மொழி, மெய் என்னும் மூவழியாலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையாலும் வினை வந்து சேரும் என்பது அறநூல் துணிபு. திரையில் நிகழும் கொலையை நாம் செய்வதில்லை, செய்விப்பதும் இல்லை. கை தட்டும்போது உடன்படுகிறோம்.

அங்ஙனமாயின் படமே பார்க்கலாகாதோ? அவ்வாறு கூறோம். துன்பத்தைக் காட்டுவது வேறு. துன்புறுத்தலில் இன்பம் ஊட்டுவது வேறு. முன்னது அருளை வளர்க்கும். பின்னது அருளைத் தேய்க்கும். தேர்வுக்கு இதுவே உரைகல்.

2015இல் திரைக்கு வந்த ‘காக்கா முட்டை’யில் சேரிச் சிறுவர் இருவர் காக்கையின் கூட்டிலிருந்து முட்டையெடுத்துக் குடிக்கின்றனர். நம் இல்லங்களில் அக்காட்சி உறுத்தும். எனினும் அதனை மறைக்க வேண்டுவதில்லை. ‘இவர்களை இதற்குத் தள்ளியது எது?’ என்று வினவினால், பசியைப் பற்றியும் நம் தானக் கடமையைப் பற்றியும் பேச வழி பிறக்கும். 1995இல் வெளிவந்த ‘பேப்’ என்னும் ஆங்கிலப் படத்தில், நாய்கள் மிரட்டி ஓட்டும் ஆடுகளை ஒரு பன்றிக்குட்டி பணிவுடன் வேண்டி நடத்துகிறது. இன்சொல்லின் ஆற்றலுக்கு இதனினும் எளிய பாடம் வேண்டுமோ?

பெற்றோர் கைக்கொள்ளத்தக்கவை:

1. முதலில் நாமே பார்த்தல் வேண்டும். தணிக்கைச் சான்றும் ஓரளவு துணை செய்யும். 2024இன் விதிகளின்படி ‘யு/ஏ’ சான்று 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அச்சான்று வயதைத்தான் கூறும், அறத்தைக் கூறாது.

2. பொழுது சாயுமுன் உண்டு முடித்து, அனைவரும் ஒருங்கே அமர்க. குழந்தையைத் திரையிடம் ஒப்படைத்துவிட்டு அடுக்களைக்குச் செல்லற்க.

3. படம் முடிந்ததும் மூன்று வினாக்கள் கேட்க: யார் துன்புற்றனர்? அத்துன்பத்தைச் செய்தவர், செய்வித்தவர் யாவர்? நாம் எதற்கு உடன்பட்டோம்? மூன்றாம் வினாவுக்குப் பெரியோரே முதலில் விடையளித்தல் நன்று. தம் குறையை ஒப்புக்கொள்ளும் ஆசிரியரிடமே மாணவர் மனம் திறப்பர்.

இம்முறையில் ‘பேப்’ படத்தை அதே பெயரனுடன் பார்த்தோம். இம்முறை அவன் கை தட்டவில்லை. நெடுநேரம் கழித்து, “அந்தக் குட்டியின் அம்மாவை எங்கே பாட்டி கொண்டுபோனார்கள்?” என்று கேட்டான். அவ்வினா எழுந்த இடத்தில்தான் கொல்லாமை வேர்விடுகிறது.

அறம் வளர்க!