டாக்ஸி இழுத்த தீயணைப்பு பம்பு



தீயணைப்பு வண்டின்னா சிவப்பா, பெரிசா, மணி அடிச்சிக்கிட்டு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். நூலகத்தில் ஒரு பழைய படம் பார்த்தேன். லண்டன் டாக்ஸி ஒன்று, கூரை மேல ஏணி, பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு பம்பு. சிரிப்பு வந்தது. விவரம் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

போர் வந்தால் குண்டு விழுந்து ஊர் எரியும் என்று பயந்து, பிரிட்டனில் 1938-இல் துணைத் தீயணைப்புப் படையைத் தொடங்கினார்கள். கடைக்காரர், எழுத்தர், டாக்ஸி ஓட்டுநர் என்று சாதாரண ஜனங்கள் சேர்ந்தார்கள். பெண்களும் வண்டி ஓட்டினார்கள், தொலைபேசி பார்த்தார்கள். இத்தனை பேருக்கும் புது வண்டிக்கு எங்கே போவது? லண்டனில் சுமார் 2,000 டாக்ஸிகளை எடுத்துப் பம்பை இழுக்க வைத்தார்கள்.

1939-இல் போர் தொடங்கியும் லண்டனில் குண்டு விழவில்லை. உடனே, "ராணுவத்துக்குப் போகப் பயந்தவங்க" என்று இவர்களைக் கேலி செய்தார்களாம். 1940 செப்டம்பர் 7-இல் விமானங்கள் வந்தன. அதிலிருந்து 57 ராத்திரி விடாமல் குண்டு. கேலி நின்றது.

டிசம்பர் 29 ராத்திரிதான் ரொம்ப மோசம். தெருவுக்கு அடியில் போகும் குழாய்கள் குண்டில் உடைந்தன. தேம்ஸ் ஆற்றில் கடலைப் பொறுத்துத் தண்ணீர் ஏறி இறங்கும். அன்று பார்த்து நன்றாக இறங்கிவிட்டது. சுற்றிலும் எரிய, செயின்ட் பால் தேவாலயத்தின் கூரையில் தொண்டர்கள் மணலும், வாளியில் வைத்துக் கையால் அடிக்கும் சின்னப் பம்பும் வைத்துக் காத்தார்கள். தேவாலயம் தப்பியது.

இன்னொரு கஷ்டம், பக்கத்து ஊர் வண்டி உதவிக்கு வந்தாலும் குழாய் இணைப்பு பொருந்தாது! ஊருக்கு ஊர் அளவு வேறே. (எங்க வீட்டு மோட்டாருக்குக் குழாய் வாங்க அப்பா மூணு தடவை கடைக்கு அலைந்தது ஞாபகம் வந்தது.) கடைசியில் 1941 ஆகஸ்டில் சுமார் 1,600 படைகளை ஒன்றாக்கி, தேசியத் தீயணைப்புப் படை அமைத்தார்கள்.

போரில் லண்டன் தீயணைப்பாளர்கள் மட்டும் 327 பேர் இறந்தார்கள்.

தொலைபேசிக் கம்பி அறுந்தால் செய்தி கொண்டு போனது யார் தெரியுமா? பதினாறு, பதினேழு வயசுப் பையன்கள், சைக்கிளில், எரிகிற தெரு வழியாக. நம்ம பிளஸ் டூ அண்ணன்கள் வயசு! கரண்டு போனாலே நான் அம்மாவைக் கூப்பிடுவேன்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்